பறவை எழாத தூரம்: கொருக்குப்பேட்டையிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை

வடசென்னையின் நீர்நிலைகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் சீரழிவையே எழுதுகின்றனர். அவ்வாறு எழுதுவதற்குரிய காரணங்களும் குறைவின்றி இருக்கின்றன. ஆயினும், கொருக்குப்பேட்டையில் தொடங்கிப் பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டி வடக்கே சென்று, கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தில் முடியும் இந்த நீர்வழியில், குளிர்காலத்து விடியற்காலையில் கேமராவுடன் செல்லும் பயணி காணக்கூடிய பறவைகள், பெயர் பெற்ற பல சரணாலயங்களில் காணக்கிடைப்பவற்றுக்கு இளைத்தவை அல்ல. அவற்றைக் காண்பது எளிது. அவற்றின் வேலையைக் கெடுக்காமல் படமெடுப்பதுதான் கடினம். அதிலும் சரக்கு ரயிலுக்கும் கன்டெய்னர் லாரிக்கும் அசையாத பறவை, கரையில் ஓசையின்றி வந்து நின்ற ஒற்றை மனிதரைக் கண்டதும் எழுந்து பறந்துவிடுகிறது என்பது இப்பகுதிக்குப் புதிதாக வரும் ஒளிப்படக்காரரைத் திகைக்க வைக்கும்.

கொருக்குப்பேட்டை, ரயில் பாதைகள் கூடுமிடம். சென்ட்ரலிலிருந்து பேசின் பிரிட்ஜ் வழியாக வரும் பாதையும், கடற்கரை நிலையத்திலிருந்து இராயபுரம், வண்ணாரப்பேட்டை வழியாக வரும் பாதையும் இங்கே இணைந்து, கும்மிடிப்பூண்டியை நோக்கி வடக்கே செல்கின்றன. 1856-ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இராயபுரம் இங்கிருந்து கூப்பிடு தொலைவுதான். ரயிலுக்கு முன்பே இவ்வட்டாரத்தில் சரக்கு ஏற்றிச் சென்றது கால்வாய். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்டு, பேசில் காக்ரேன் என்ற வணிகரின் பெயரால் காக்ரேன் கால்வாய் என்று வழங்கிய இந்நீர்வழி, பின்னர் இரு திசைகளிலும் நீட்டிக்கப்பட்டு, 1876–78 பஞ்சகாலத்து நிவாரணப் பணிகளின்போது விரிவடைந்து, அப்போதைய ஆளுநரான பக்கிங்ஹாம் கோமகனின் பெயரை 1878-இல் பெற்றது. 1965, 1966 ஆம் ஆண்டுகளின் புயல்களுக்குப் பின் படகுப் போக்குவரத்து நலிந்து, இன்று நகரப் பகுதியில் அது கழிவுநீரும் மழைநீரும் சுமக்கும் வாய்க்காலாகவே இருக்கிறது.

அந்தக் கறுத்த நீரின் மேல் படர்ந்த ஆகாயத்தாமரையில்தான் பயணத்தின் முதல் பறவை நிற்கிறது. மடையான் என்றும் குருட்டுக்கொக்கு என்றும் அழைக்கப்படும் அது, கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு நிற்கையில் மங்கிய தவிட்டு நிறமாய், காய்ந்த தண்டுகளுக்கிடையே இருப்பதே தெரியாமல் ஒன்றிப்போகும்; எழுந்த கணத்தில் மட்டும் இரு சிறகுகளும் வெள்ளை வெளேரென்று விரியும். தன்னை எவரும் காணவில்லை என்ற நம்பிக்கைதான் அதன் தற்காப்பு. எனவே அது அசையாமல் இருப்பதைக் கொண்டு அமைதியாக இருப்பதாக முடிவுகட்டுவது பிழை. உற்றுப் பார்த்தால், இரை தேடும் மடையானின் பார்வை நீரின் மீது சாய்ந்திருப்பதையும், அச்சத்தில் உறைந்த மடையானின் அலகு சற்றே மேல்நோக்கி நிமிர்ந்து, உடல் முழுதும் ஒடுங்கியிருப்பதையும் வேறுபடுத்திக் காணலாம். முதல் நிலையில் எடுத்தால் அது மீன் பிடிக்கும் பறவையின் படம். இரண்டாம் நிலையில் எடுத்தால், எடுப்பவரைக் கண்டு அஞ்சிய பறவையின் படம். கண்காட்சிகளில் இரண்டாம் வகைப் படங்களே கூர்மையானவை என்று பாராட்டப்படுவதும் உண்டு.

நெருங்கி வரும் ஆளைக் கண்டு ஒரு விலங்கு எந்தத் தூரத்தில் ஓடவோ பறக்கவோ தொடங்குகிறதோ, அதை விலங்கியலார் தப்பியோடும் தூரம் என்பர். ஸ்விட்சர்லாந்து விலங்கியலாளர் ஹைனி ஹெடிகர் விரிவாக எடுத்துரைத்த கருத்து இது. அதற்கு முன்னதாகவே, இரை தேடுவதை நிறுத்திவிட்டு விலங்கு தலைதூக்கிப் பார்க்கத் தொடங்கும் தூரம் ஒன்று உண்டு. அதை விழிப்புத் தூரம் எனலாம். பறவை பறந்துவிட்டால்தான் தொந்தரவு செய்துவிட்டோம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டாவது தூரத்தைக் கணக்கில் கொள்வதில்லை. தலைதூக்கி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அப்பறவை உண்ணாத நிமிடமாகும். இத்தூரங்கள் இனத்துக்கு இனமும் இடத்துக்கு இடமும் மாறுபடுவதால், இத்தனை மீட்டர் என்று சொல்லித்தரக்கூடிய பொதுவிதி எதுவும் இல்லை; கரைக்குக் கரை, பறவையைப் பார்த்தே அதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கொருக்குப்பேட்டையில் அப்படிக் கற்பதற்கு வாய்ப்பு மிகுதி. புறநகர் ரயில் பாலத்தைக் கடக்கும்போது பறவைகள் நிமிர்வதில்லை. தலையில் சுமையோடு கரையில் நடப்பவர், மூன்று சக்கர வண்டியை மிதிப்பவர், துணி அலசுபவர் ஆகிய எவரையும் அவை பொருட்படுத்துவதில்லை. ஒரே வகையில், ஒரே வழியில், தீங்கின்றி நாள்தோறும் நிகழ்வதை விலங்கு பொருட்படுத்தாமல் விடப் பழகுகிறது. இதைப் பழக்கப்பாடு என்பர். அவ்வழியே நடந்துவந்த ஒருவர் திடீரென்று நின்று, பறவையை நேராகத் திரும்பிப் பார்த்து, நீண்ட கருங்குழாய் போன்ற லென்ஸை உயர்த்துவதே அந்த ஒழுங்கைக் கலைக்கிறது. ஆகவே இங்கு மறைந்திருத்தல் என்பது, காட்டில்போல இலைநிற உடையும் வலைத்திரையும் அணிவதாகாது. இலைநிற உடையணிந்து கால்வாய்க்கரையில் பதுங்கும் ஆள், பறவைக்கு முன் காவல்துறைக்கு ஐயத்தை ஏற்படுத்துவார் என்பது வேறு. ஏற்கெனவே அங்குள்ள சுவர், தூண், நிறுத்திய வண்டி, கவிழ்த்த படகு ஆகியவற்றின் அருகே முன்கூட்டியே சென்று அமர்ந்து, நெடுநேரம் கேமராவை மடியிலேயே வைத்திருந்து, அந்த இடத்துக்குரிய பொருள்களுள் ஒன்றாகிவிடுவதே இங்கு பயன்தரும் முறை. நடக்க வேண்டியிருந்தால் பறவையை நோக்கி நேராக நடவாமல், அதைக் கடந்துபோவதுபோல் சாய்வாக நடப்பது நன்று. தண்டவாளத்தில் நின்று படமெடுப்பது பறவைக்கு எவ்வாறாயினும், 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டப்படி அத்துமீறல், உயிருக்கும் உலை.

மீன்கொத்திக்கு இம்முறை இன்னும் பொருந்தும். சிறு மீன்கொத்தி தனக்கென்று சில அமர்விடங்களை வைத்துக்கொண்டு, நீருக்கு மேல் நீட்டிய கம்பி, கழி, சீமைக் கருவேலங்கிளை என்று அவற்றுக்கிடையே மாறி மாறி அமர்ந்து மீன் பிடிக்கும். துரத்திச் செல்பவருக்கு நீர்ப்பரப்பை ஒட்டிப் பாய்ந்து மறையும் நீலக்கோடு மட்டுமே கிடைக்கும். அது வந்தமரும் கழியைக் கண்டுகொண்டு, அது இல்லாத வேளையில் தகுந்த தொலைவில் அமர்ந்துவிட்டால், அதுவே திரும்பி வந்து அமரும். கால்வாய்க் கரைகளைக் கான்கிரீட் சுவராக உயர்த்திய இடங்களில் மீன்கொத்தியைக் காண்பது அரிதாவதற்கும் காரணம் தேட வேண்டியதில்லை: செங்குத்தான மண்கரையில் வளை தோண்டி, அதன் கோடியில் முட்டையிடும் பறவை அது; சுவரில் அதற்கு வேலையில்லை.

கொருக்குப்பேட்டையிலிருந்து புறநகர் ரயிலில் ஏறினால், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் ஆகிய நிலையங்களைக் கடந்து எண்ணூர் வருகிறது. மேற்கே மணலியின் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலைகளும், கிழக்கே கடற்கரைச் சாலையின் குப்பங்களும் ஓடி மறைய, எண்ணூருக்கும் அத்திப்பட்டு புதுநகருக்கும் இடையே ரயில் திறந்த நீர்ப்பரப்பின் மேல் செல்கிறது. 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தில் ஒருமுறை தேங்கி வரும் கொசஸ்தலை ஆறு, பக்கிங்ஹாம் கால்வாயோடு கலந்து, சேற்றுத்திட்டுகளும் கண்டல் மரங்களும் உப்பளங்களின் எச்சங்களும் கொண்ட கழிமுகமாக இங்கே விரிகிறது. ஆற்றுநீரும் கடல்நீரும் கலந்து, அலையேற்றத்தோடு உயர்ந்து தாழும் பகுதியே கழிமுகம். இதைச் சுற்றி வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம், காமராசர் துறைமுகம் ஆகியவை நிற்கின்றன; நிலக்கரியை எரித்தபின் எஞ்சும் சாம்பல் குழாய்களிலிருந்து கசிந்து, பல இடங்களில் சேற்றின் மேல் வெளிறிய படலமாகப் படிந்திருக்கிறது.

இந்தச் சேற்றைத் தேடித்தான் மத்திய ஆசிய வலசைப் பாதை, அதாவது வடக்கே சைபீரியா முதல் தெற்கே இந்தியப் பெருங்கடல் வரையிலான பறவைகளின் பருவகாலப் போக்குவரத்து வழி, உள்ளான்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது. சேற்றில் அலகைச் செருகிப் புழுவும் நத்தையும் சிறு நண்டும் தேடும் கரைப்பறவைகளுக்கு உள்ளான் என்பது பொதுப்பெயர். அக்டோபர் வாக்கில் வந்து சேரும் இவை, மார்ச், ஏப்ரலில் திரும்பிப் பறப்பதற்குத் தேவையான கொழுப்பை உடலில் சேமித்தாக வேண்டும். சேறு நீருக்கு வெளியே தெரியும் நேரத்தில்தான் அவற்றுக்கு உணவு. சென்னைக் கரையில் நாளுக்கு இருமுறை ஏற்றமும் இருமுறை இறக்கமும், ஏறத்தாழ ஆறு மணிநேர இடைவெளியில் நிகழ்வதால், பந்தி விரிந்திருக்கும் நேரம் கணக்கானது. அந்த நேரத்தில் கூட்டத்தை ஒருமுறை எழுப்பிவிடுவது, பறப்பதற்கு ஆற்றலையும் திரும்பி வந்து அமைவதற்கு நேரத்தையும் அவற்றிடமிருந்து பறிப்பதாகும். கூட்டமாக எழுந்து பறக்கும் காட்சிக்காகவே கைதட்டியும் கல்லெறிந்தும் எழுப்புவோர் இருக்கின்றனர். அத்தகைய படம் எவ்வளவு அழகாயிருப்பினும், அதைப் பறவை ஒளிப்படக்கலை என்று மதிப்பதற்கு இடமில்லை.

அலையின் போக்கை அறிந்தவர் பறவையை நெருங்க வேண்டியதே இல்லை. நீர் நன்கு வடிந்திருக்கும்போது பறவைகள் தொலைவில், நீர்விளிம்பை ஒட்டிச் சிதறியிருக்கும். ஏற்றம் தொடங்கும் முன்பே மேட்டுச்சேற்றின் ஓரத்தில் சென்று தாழ அமர்ந்துவிட்டால், உயரும் நீர் அவற்றை அடிஅடியாக அமர்ந்திருப்பவரை நோக்கித் தள்ளிக்கொண்டு வரும். வருவதும் நிற்பதும் அவற்றின் விருப்பமாதலால், எந்தத் தூரம் பாதுகாப்பானது என்பதைப் பறவையே முடிவு செய்கிறது. நீர் முழுதும் ஏறியபின் அவை மேட்டில் நெருங்கி நின்று ஒற்றைக்காலில் ஓய்வெடுக்கும் இடத்துக்கு மட்டும் செல்லாதிருப்பது முறை; அங்கிருந்து விரட்டினால் அவற்றுக்குப் போக்கிடம் குறைவு. ஒளியைப் பொறுத்தவரை, சூரியன் கடலிலிருந்து எழுவதால் காலையில் கழிமுகத்தின் கிழக்குக் கரையும், மாலையில் அத்திப்பட்டுப் பக்கமும் ஏற்றவை. வெயில் ஏறியபின் சேற்றிலிருந்து எழும் கானல் அலைகளால், 600 மி.மீ. லென்ஸிலும் தொலைவுப் பறவையின் இறகு குழைந்தே பதியும். அப்போது நெருங்கிச் சென்று குறையைச் சரிக்கட்ட முயல்வதைவிடக் கேமராவைப் பைக்குள் வைப்பதே தக்கது. கண்ணாடியில்லாக் கேமராக்களின் ஓசையற்ற மின்னணு ஷட்டர் இவ்விடத்துக்கு ஒரு வரப்பிரசாதம். ஆயினும் அம்முறையில் படம் வரிவரியாகப் பதிவாவதால், விரைந்தடிக்கும் சிறகு சில கேமராக்களில் வளைந்து விழும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சேற்றுப்பரப்பின் காவற்காரர் நெடுங்கால் உள்ளான். இளஞ்சிவப்புக் குச்சிகளைப் போன்ற கால்களில் நிற்கும் இக்கறுப்பு வெள்ளைப் பறவை, பிற பறவைகள் கவனிக்கும் முன்பே ஆளைக் கண்டு தலையை மேலும் கீழும் ஆட்டத் தொடங்கும்; அடுத்து விடாது கத்தும்; அதன்பின் பரப்பு முழுதும் எழும். முதல் தலையாட்டத்திலேயே நின்றுவிடுபவருக்கு நாள் முழுதும் படம் கிடைக்கும். பூநாரைகள் தலையை நீருக்குள் கவிழ்த்திருக்கும்வரை கவலையில்லை. கழுத்துகள் அனைத்தும் நிமிர்ந்து, கூட்டம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால், அது பறப்பதற்கு முந்திய நிலை. அங்கிருந்து மெல்லப் பின்வாங்கினால் பல வேளைகளில் அவை மீண்டும் உணவுக்குத் திரும்புகின்றன.

கூச்ச உயிர்களில் பறவைகளைவிடச் சுவையான பாடம் புகட்டுவது, கண்டல் வேர்களுக்கிடையே வாழும், ஆணுக்கு மட்டும் ஒரு கொடுக்கு உடலளவுக்குப் பெருத்திருக்கும் சிறு நண்டு. தண்டின் நுனியில் உயர்ந்து நிற்கும் அதன் கண்களுக்கு, தொடுவானக் கோட்டுக்கு மேலே அசையும் எதுவும் பகை. ஆள் நடந்துவரும்போது சேறு முழுதும் நண்டாயிருந்த இடம், கணநேரத்தில் வெறும் துளைகளாகிவிடும். அங்கேயே படுத்தவாறு, கேமராவைச் சேற்றோடு சேர்த்து வைத்துச் சில நிமிடங்கள் அசையாதிருந்தால், முதலில் ஒரு துளையின் விளிம்பில் இரு கண்கள், பின்பு ஒரு கால், பின்பு சட்டென்று முழு நண்டு. சிறிய கொடுக்கால் சேற்றை அள்ளி வாயிலிட்டு, உணவை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கடுகுருண்டைகளாக வெளியே வைத்தவாறே அது நகர்கிறது. அவ்வப்போது பெருங்கொடுக்கை உயர்த்தி அசைத்து, பெண் நண்டை அழைத்து, அண்டை ஆணை எச்சரிக்கிறது. மூச்சுவிடுகையில் தோள் உயர்ந்தாலே மீண்டும் துளைதான். இதைப் பழகியவருக்கு உள்ளான் எளிது.

கூடுகளைப் பற்றிய செய்தி இதனின் வேறானது; அதில் பொறுமைக்கும் திறமைக்கும் வேலையில்லை, விலகியிருப்பதற்கே வேலை. ஆள்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் திறந்த தரையில், கூழாங்கல்லுக்கிடையே முட்டையிடுகின்றன. கோடைவெயிலில் தாய்ப்பறவை முட்டையின் மேல் அமர்வது சூடேற்றுவதற்காக மட்டுமன்று, நிழல் தருவதற்காகவும்தான். அடிவயிற்று இறகுகளை நீரில் நனைத்துவந்து முட்டையைக் குளிர்விப்பதும் உண்டு. ஆள் அருகில் நிற்பதால் அது எழுந்து வட்டமிடும் அரைமணி நேரம், சித்திரை வெயிலில் முட்டையின் உயிரைக் குடிக்கப் போதுமானது. இன்னொரு கேடு இவ்வட்டாரத்துக்கே உரியது. 300 ஏக்கருக்கும் மேற்பட்ட கொடுங்கையூர்க் குப்பைமேடு காக்கைக்கும் கரும்பருந்துக்கும் ஆண்டு முழுதும் சோறு போடுவதால், இங்கே வானில் எப்போதும் கண்கள் உள்ளன. மனிதர் குனிந்து பார்க்கும் இடத்தைக் காக்கை குறித்துக்கொள்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், தன் அட்டவணைகளில் இடம்பெற்ற பறவைகளின் முட்டையையோ கூட்டையோ குலைப்பதை வேட்டை என்ற சொல்லின் வரையறைக்குள்ளேயே அடக்கியிருக்கிறது என்பதும் பலர் அறியாத செய்தி.

காட்டுயிர் ஒளிப்படக்கலை கூடுகளிலிருந்தே தொடங்கியது என்பது வரலாற்றின் முரண். இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள் 1890-களில் கூடுகளையும் முட்டைகளையும் படமெடுத்தே புகழ்பெற்றனர். பறவைகளை ஏமாற்ற, உள்ளீடற்ற செயற்கை எருதொன்றைச் செய்து அதற்குள் நின்று படமெடுக்கவும் செய்தனர். தமிழகத்தில் இக்கலையின் மூத்தவர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான இவர், கறுப்பு வெள்ளையில் மட்டுமே படமெடுத்தவர். பாகங்களைத் தாமே பொருத்திய கனத்த கேமராவைச் சுமந்து, கால்நடையாகவும் யானைமீதும் சென்றவர். ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் இறக்கும்வரை இயற்கை பற்றிய பத்தி எழுதியவர். சென்னையின் காக்கை, அணில் போன்ற எளிய உயிர்களையும் யானைக்கு நிகரான கவனத்தோடு நோக்கிய அவருடைய பார்வை, சரணாலயத்துக்குப் போனால்தான் காட்டுயிர் என்று எண்ணுவோர்க்கு இன்றும் மருந்தாகும்.

எண்ணூரில் கூச்சமும் உரிமையும் பறவைகளுக்கு மட்டும் உரியவை அல்ல. மார்பளவு நீரில் அமிழ்ந்து, அடிச்சேற்றைக் கைகளால் தடவி இறால் பிடித்து, பல்லால் கவ்விய பறிக்கூடையில் போடும் இருளர் பெண்களை, காட்டுக்குப்பத்துக் கரையில் நின்றவாறு நீண்ட லென்ஸால் அனுமதியின்றிப் படமெடுக்கும் வழக்கம், மடையானைத் துரத்துவதைவிடக் கீழானது. கழிமுகத்தில் யார் எந்நாளில் எங்கே வலையிடலாம் என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு என்ற மரபுவழி ஒழுங்கு மீனவரிடையே இருக்கிறது. படகு கேட்டுச் செல்லும் பயணி, அன்றைய பாடு முறைக்குரியவரின் வலைக்குக் குறுக்கே போகாதிருப்பது நாகரிகம். வலைபோடும் படகுக்குப் பறவைகள் பழகியிருப்பதால், அதில் அமர்ந்து அது போகும் வழியே போவோர்க்கு, தனிப்படகில் துரத்துவோரைவிட நல்ல படங்கள் கிடைப்பதும் இயல்பே.

சட்டகத்துக்குள் எதை விடுவது என்பது எஞ்சிய வினா. லென்ஸின் துளையை அகலத் திறந்து பின்னணியைக் குழைத்துவிட்டால், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி இளநீல மங்கலாகிவிடும். பூநாரை ஏதோ கன்னிநிலத்தில் நிற்பதாகத் தோன்றும். அப்படம் பொய் என்று சொல்வதற்கில்லை எனினும், எண்ணூரின் படமாக அதைக் கொள்ள இயலாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து கால்வாய் வழியே எண்ணெய் இறங்கி முகத்துவாரத்தை நிறைத்தபோது, உடல் முழுதும் எண்ணெய் பூசிய கூழைக்கடாக்களின் படங்களே அதன் விளைவை வெளியூருக்குக் காட்டின. அத்தகைய படம் சான்றாக நிற்பதற்கு நாளும் இடமும் தெளிவாகக் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். கூடு இருக்கும் படத்துக்கோ இடக்குறிப்பே கேடு. கைப்பேசியும் கேமராவும் தாமாகப் பதிக்கும் இருப்பிடத் தரவை நீக்கிவிட்டே அதை வெளியிட வேண்டும். 2015 முதல் தைத்திங்களில் நடைபெற்றுவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு போன்ற பணிகளுக்கு நாள், நேரம், இடம், எண்ணிக்கை ஆகியவையே போதும்; கூட்டின் படம் அங்கு எவர்க்கும் தேவைப்படுவதில்லை. வெளியேறும் எண்ணெய்க்கும் கசியும் சாம்பலுக்கும் இடத்தைத் துல்லியமாக எழுதி, முட்டைக்கு மட்டும் ‘எண்ணூர் வட்டாரம்’ என்று எழுதி நிறுத்திக்கொள்வது இக்கரையில் படமெடுப்போர் கைக்கொள்ளத்தக்க வழக்கம்.